கோர்வைக் கரை

வாலாஜாபாத் என்னும் பெயரைக் கேட்கும்போதெல்லாம் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா நம் நினைவுக்கு வருகிறார். 1749 முதல் 1795 வரை ஆண்ட அவருடைய பெயரைத் தாங்கிய அவ்வூருக்கு அண்மையில் உள்ளது தென்னேரி. திரையன் ஏரி என்பதே தென்னேரியாக மருவிற்று என்பர். அவ்வூரின் பேரேரியைப் பற்றிப் பேசுவோர் பலர். காஞ்சிப் பட்டின் புகழ் காஞ்சி நகரத் தெருக்களில் மட்டும் விளைந்ததன்று, சுற்றுப்புறச் சிற்றூர்களின் தறிக்குழிகளிலும் விளைந்தது என்பதை நினைப்போர் சிலரே.

நிக்காஹ் நாளில் நம் பெண்மக்கள் உடுத்தும் பட்டுச் சேலையைச் சற்றே விரித்துப் பார்ப்போம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இவ்விரண்டையும் தனித்தனி ஊடை நூலால் நெய்து, ஒவ்வோர் இழையிலும் ஒன்றோடொன்று கோத்து இணைப்பதே கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு என மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். உடலின் ஊடையே கரைக்குள்ளும் ஓடினால் கரையின் நிறம் கலங்கிவிடும். முந்தியின் நிறம் மாறுமாயின் வேலை இன்னும் கடினம். புதிய பாவு நூல்களைப் பழைய பாவில் கோத்து நெய்தபின் பழையதை வெட்டிவிடுவர். இதற்குப் பேட்னி என்று பெயர். அவ்விடத்தில் துணி சற்றே தடித்திருப்பதை விரலால் தடவி உணரலாம்.

மூன்று நாடாக்களை ஒருவரே கையாளுதல் அரிது. எனவே தறியின் ஓரத்தில் துணையாள் ஒருவர் அமர்வார். முற்காலத்தில் அத்துணையாள் பெரும்பாலும் சிறுவனே. சிறுவர்கள் பள்ளிக்குச் சென்றது நன்றே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவ்விடத்தில் கூலி கொடுத்து ஆள் அமர்த்தும் வசதி நெசவாளிக்கு இல்லை. கோர்வை குறைந்துவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆடவர்க்குப் பட்டை விலக்கிப் பெண்டிர்க்கு ஆகுமாக்கியது நம் மார்க்கம். யாளியும் அன்னமும் நிறைந்த சேலை நமக்கு எப்படிப் பொருந்தும் என வினவுவோர் உண்டு. மல்லிமொக்கு, மாங்காய், முத்துக்கட்டம், தாழம்பூ ரேக்கு என உயிருருவம் இல்லாத வேலைப்பாடுகளுக்குக் காஞ்சித் தறியில் குறைவேயில்லை. சொல்லப்போனால், நெய்வோரின் கணக்கறிவு மிகுதியும் வெளிப்படுவது கட்டத்திலும் கோட்டிலுமே என்பது நம் கருத்து.

அதே தொண்டை நாட்டுக் கரையில் உள்ள பழவேற்காட்டை இங்கு எண்ணிப் பார்க்கிறோம். அத்துறையிலிருந்து கட்டமிட்ட துணிகள் கப்பலேறிக் கீழை நாடுகளுக்குச் சென்றன. மலாய் மக்கள் இன்றும் தம் கைலியைக் ‘காயின் பெலிக்காட்’ என்றே அழைக்கின்றனர். பழவேற்காடு என்பதன் திரிபே அது. ஆயினும் அப்பெயரில் இன்று விற்பவற்றுள் பல விசைத்தறியில் நெய்தவை. காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் காக்கப்பட்டது. அடுத்த முறை நம் இல்லத்து நிக்காஹுக்குச் சேலை எடுக்கும்போது, கோர்வைக் கரைதானா என்று கடைக்காரரிடம் கேட்போமா?