எனர்ஜி இன்ஜினீயரிங் படிக்கப் போறீங்களா? முதல்ல கம்ப்ரஸர் ரூமை எட்டிப் பாருங்க!

ஒரு ஃபேக்டரியில் ஓடும் பெரிய புளோயரின் வேகத்தை 20 சதவிகிதம் குறைச்சா, கரன்ட் எவ்வளவு மிச்சமாகும்? 20 சதவிகிதம்னு சொன்னா தப்பு. கிட்டத்தட்ட பாதி! வேகம் 0.8 ஆகும்போது மின்தேவை 0.8 × 0.8 × 0.8, அதாவது 0.51 ஆகிவிடும். 'அட' என்று நிமிர்ந்து உட்கார்ந்தீங்கன்னா, எனர்ஜி இன்ஜினீயரிங் முதுநிலைப் படிப்பு உங்களுக்கு செட் ஆகும்.

'சோலார் பேனல் மாட்டுற படிப்புதானே?' என்றுதான் பலரும் கேட்பாங்க. சோலார், காற்றாலை, பயோமாஸ் எல்லாம் சிலபஸில் உண்டு. ஆனால், அதே அளவுக்கு பாய்லர், பம்ப், கம்ப்ரஸர், ஏ.சி பிளான்ட் என்று அழுக்குப் படிந்த சமாசாரங்களும் வரும். அங்கே எவ்வளவு வீணாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. என்னைக் கேட்டால், சுவாரஸ்யமே அங்கேதான் இருக்கு.

உதாரணத்துக்கு, கம்ப்ரஸர். காத்து இலவசம், அழுத்தி அடைத்த காத்து ரொம்பக் காஸ்ட்லி. கொடுக்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். மிச்சத்தை பைப் ஜாயின்ட்டில் 'உஸ்ஸ்' என்று கசியவிட்டால்? கசிவை அளக்க ஸ்டாப் வாட்ச் போதும். காற்றைப் பயன்படுத்தும் மெஷின்களை எல்லாம் நிறுத்திட்டு, கம்ப்ரஸரை மட்டும் ஓடவிடணும். யாருமே காற்றைப் பயன்படுத்தாதபோதும் அது 10 நிமிடத்தில் 2 நிமிடம் லோடு எடுத்தால், அதன் திறனில் 20 சதவிகிதம் ஓட்டை வழியாகப் போகுதுன்னு அர்த்தம்.

எங்கே படிக்கலாம்? கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி, மும்பை, டெல்லி ஐ.ஐ.டி-க்கள். ஐ.ஐ.டி, என்.ஐ.டி என்றால் கேட் ஸ்கோர் வேணும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு சீட்டா பி.ஜி தேர்வும் இருக்கு. முடிஞ்சா கேட் எழுதிடுங்க. அந்த ஸ்கோரோடு சேர்ந்து தகுதி பெறுபவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை.

சேரும் முன், லேபில் பவர் அனலைஸர், ஃப்ளூ கேஸ் அனலைஸர் இருக்கா, மாணவர்கள் கையில் கொடுப்பாங்களா, புராஜெக்ட்டுக்கு ஃபேக்டரிக்கு அனுப்புவாங்களான்னு சீனியர்களிடம் விசாரிங்க. வெறும் சாஃப்ட்வேர் சிமுலேஷனோடு ரெண்டு வருஷம் முடிஞ்சுட்டா, இன்டர்வியூவில் மாட்டிக்குவீங்க. மெக்கானிக்கல் ஆளுக்கு பவர் ஃபேக்டரும், ட்ரிபிள் இ ஆளுக்கு தெர்மோடைனமிக்ஸும் முதல் செமஸ்டரில் கண்ணைக் கட்டும். அது சகஜம்தான்.

முக்கியமான விஷயம், பட்டம் வாங்கிய மறுநாளே எனர்ஜி ஆடிட்டர் ஆகிட முடியாது. 2001-ல் வந்த எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின்படி, சிமென்ட், இரும்பு, காகிதம் மாதிரி துறைகளில் மின்சாரத்தையும் எரிபொருளையும் அதிகம் செலவழிக்கும், அரசு பட்டியலிட்ட ஆலைகள் அங்கீகாரம் பெற்ற ஆடிட்டரை வைத்துத் தணிக்கை செய்யணும். அந்தப் பாதை, 2002-ல் தொடங்கிய எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ-யின் தேசியத் தேர்வில் ஆரம்பிக்குது. முதல் மூணு பேப்பர் பாஸ் செய்தால் எனர்ஜி மேனேஜர். நாலாவதும் பாஸ் செய்தால் ஆடிட்டர். தேர்வெழுதவே சில வருட வேலை அனுபவம் கேட்பாங்க. ஆடிட்டர் சான்றிதழுக்குப் பிறகு அங்கீகாரம் தனி. 'படிச்சு முடிச்சதும் ஆடிட்டர் வேலை' என்று விளம்பரம் வந்தா நம்பாதீங்க.

அந்தத் தேர்வுக்கான நாலு வழிகாட்டிப் புத்தகங்கள் பி.இ.இ இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்குது. மின்சாதனங்கள் பற்றிய மூணாவது புத்தகத்தை இன்னிக்கே டவுன்லோடு பண்ணி, கம்ப்ரஸர் அத்தியாயத்தைப் படிங்க. பத்துப் பக்கம் தாண்டியும் தூக்கம் வரலைன்னா, தாராளமா அப்ளிகேஷன் போடலாம்.