உடலுக்கு வெளியே ஒரு சிறுநீர்ப்பை

புற்றுநோய் கண்ட சிறுநீர்ப்பையை அகற்றிவிட்டால் நீர் எவ்வழியே வெளியேறுவது என்னும் வினா, ரண சிகிச்சை வல்லுநர்களை ஒரு நூற்றாண்டுக் காலம் வாட்டியது. 1852இல் லண்டனில் ஜான் சைமன் என்பவர், சிறுநீர்ப்பை மூடாமலே பிறந்த ஒரு சிறுவனுக்குச் சிறுநீர்க் குழாய்களைப் பெருங்குடலுக்குத் திருப்பிவிட முயன்றார். மலமும் நீரும் ஒரே இடத்தில் கலக்கவே கிருமிகள் மேலேறிச் சிறுநீரகங்களைக் கெடுக்கும் துன்பம் அம்முறையை நெடுங்காலம் தொடர்ந்தது. அதற்கு மாற்றாக, சிறுகுடலின் ஒரு துண்டை மட்டும் தனியே பிரித்து, அதில் சிறுநீர்க் குழாய்களைப் பொருத்தி, அதன் வாயை வயிற்றின்மேல் திறந்துவிடும் முறையை 1950இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து யூஜீன் பிரிக்கர் பிரசுரித்தார்.

நோயாளியின் உயிர் பிழைத்தது, ஆயினும் அந்தத் துவாரத்திற்கு அடக்கிவைக்கும் தசை கிடையாதாகையால், இரவும் பகலும் நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அதை ஏந்த அக்காலத்தில் கிடைத்தது, சிகாகோவில் ஆல்ஃபிரட் ஸ்ட்ராஸிடம் சிகிச்சை பெற்ற கோனிக் என்னும் ரசாயன மாணவர் வகுத்த ரப்பர்ப் பை; அதைப் பசைகொண்டு தோலில் ஒட்டுவார்கள். இப்பாக்கியத்தை ஒரு மருத்துவரல்லாத நோயாளியே அளித்தார் என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனால் ரப்பர் வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பண்புடையது. புதிதாக வெளிவரும் சிறுநீருக்கு நாற்றம் மிகக் குறைவு. அது தேங்கி நிற்கையில் கிருமிகள் அதிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்குவதாலேயே மூக்கைத் துளைக்கும் நெடி பிறக்கிறது. ஆகவே பையைக் கழுவி, காடியில் ஊறவைத்து, காய்ந்தபின் மீண்டும் அணிவதே அன்றாட வேலையாயிற்று. பசை இளகி எப்பொழுது கசியுமோ என்ற அச்சத்தால் விருந்துக்கும் கோயிலுக்கும் செல்லாது ஒடுங்குவது, நோயினும் கொடிய தண்டனையன்றோ!

கிளீவ்லாந்து மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல், பொய்ப்பல் ஒட்டுவதற்குப் பயன்பட்ட கராயா கோந்தை, மலம் வெளியேற வயிற்றின்மேல் திறக்கும் குடல் துவாரத்தைச் சுற்றியுள்ள தோலுக்குக் காப்பாக 1952இல் பிரயோகித்தார். நம் இந்தியக் காடுகளில் வளரும் மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பிசின் அது. புண்பட்ட தோலை அது ஆற்றிற்று. எனினும் குடல் துவாரக்காரர்களுக்கு வாய்த்த அந்த நலம் சிறுநீர்த் துவாரக்காரர்களுக்கு முழுமையாக வாய்க்கவில்லை, ஏனெனில் சிறுநீர் பட்டால் கராயா கரைந்துபோகும். டர்ன்புல்லின் நோயாளியான நார்மா கில், இத்தகையோரைப் பேணும் தனித் துறைக்கே கிளீவ்லாந்தில் வித்திட்டார். டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்னும் செவிலி, குடல் சிகிச்சைக்குள்ளாகி வெளியே செல்ல அஞ்சிய தம் தங்கைக்காக 1954இல் ஒட்டும் பிளாஸ்டிக் பையை எண்ணினார். நாற்றம் புகாத பிளாஸ்டிக்கின் வரவால், ஊறவைத்து மீண்டும் அணியும் பழக்கம் மெல்ல ஓய்ந்தது.

தோலில் ஒட்டும், பெக்டினும் ஜெலட்டினும் கலந்த தட்டுகள், பையின் அடியில் வடிகுழாய், பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் அடைப்பு ஆகியவை பின்னர் வந்தன. இன்று ஒரு பை மூன்று நான்கு நாட்கள் தோலில் நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் வடித்துவிட்டால் பாரத்தால் பெயர்வதில்லை. நீர் அருந்துமுன் விடியற்காலையில் மாற்றினால் சொட்டும் குறைவு. அருகில் அமர்ந்திருப்பவருக்கு எந்த நாற்றமும் எட்டாது. பை அணிந்தவரை ஒதுக்கி வைக்கக் காரணம் ஏதுமில்லை.