பச்சை டப்பாவும் வால்வு ஆம்பும்: ஒரு குழைவான குரலின் கதை

எலக்ட்ரிக் கிடார் வாசிக்கிற நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் போய், "சோலோவுக்கு எந்த ஓவர்டிரைவ் பெடல் வாங்கலாம்?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் "சாம்பார்ல உப்பு சரியா இருக்கா?"ன்னு கேட்ட மாதிரி ஆயிடும். ஒருத்தர் பச்சை டப்பா என்பார். இன்னொருத்தர் தங்க நிற டப்பா என்பார். மூணாவது ஆசாமி, பழைய ஜப்பான் சில்லு உள்ளே இல்லாவிட்டால் அது பெடலே இல்லை என்று சத்தியம் செய்வார். காசு கொடுக்கப் போகிற அப்பாவி மட்டும் முழித்துக்கொண்டு நிற்பார்.

இந்தச் சண்டை எங்கேயிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், எதை வாங்குவது என்பது தானாகவே பாதி புரிந்துவிடும். அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காப்பி டம்ளரோடு உட்காருங்க :-)

கிடார் தொட்டதே இல்லை என்பவர்களுக்காக முதலில் ஒரு விஷயம். நாதஸ்வரத்துக்கு மூச்சு இருக்கிறது, வயலினுக்கு வில் இருக்கிறது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தலாம். கிடாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கம்பியைத் தட்டிய நொடியிலிருந்தே ஒலி தேய ஆரம்பித்துவிடும். கார்வை கிடையாது. அப்படியிருக்க சந்தானாவின் கிடார் மட்டும் எப்படி அழுதுகொண்டே நிற்கிறது?

பதில் வால்வில் இருக்கிறது. தாத்தா வீட்டு ரேடியோவில் சிவப்பாகக் கனன்றுகொண்டு, பாட்டு வருவதற்கு முன் அரை நிமிஷம் காக்க வைக்குமே, அதே ஜாதி வால்வுதான். கிடார்க்காரர்கள் ட்யூப் என்பார்கள். ஒரு வால்வு ஆம்பை அதன் தெம்புக்கு மேல் விரட்டினால் ஒலி அலையின் உச்சி மழுங்க ஆரம்பிக்கும். சத்தமான பகுதி அதற்கு மேல் வளர முடியாது. ஆனால் தேய்ந்துகொண்டிருக்கும் பகுதி இன்னும் பெருக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். விளைவு, ஸ்வரம் சாகாமல் நிற்பது போல் காதுக்குத் தோன்றுகிறது. கூடவே இல்லாத மேல் ஸ்தாயி ஒலிகள் சேர்ந்து குரல் தடிக்கிறது. சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்பை இப்படி விரட்டினால் அலையின் தலையைக் கத்தியால் சீவியது போல வெட்டிவிடும், காது கூசும். வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மழுங்குவதால்தான் அந்தக் குழைவு.

ஆனால் ஒரு வில்லங்கம். தெம்புக்கு மேல் விரட்ட வேண்டுமென்றால் வால்யூமை ஏகத்துக்கும் ஏற்ற வேண்டும். வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லுகிற அளவுக்கு. இனி வரப்போகிற வரலாறு மொத்தமும் இந்த ஒரு வில்லங்கத்தைச் சுற்றித்தான்.

ஆரம்பத்தில் எல்லாமே விபத்து. 1951-ல் மெம்பிஸில் சாம் ஃபிலிப்ஸ் பதிவு செய்த 'ராக்கெட் 88' பாட்டில் வில்லி கிசார்ட் என்பவரின் கிடார் கரகரவென்று கேட்கும். ஸ்டூடியோவுக்கு வரும் வழியில் ஆம்ப் அடிபட்டு ஸ்பீக்கர் கிழிந்துபோய், உள்ளே காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றினார்களாம். காரிலிருந்து விழுந்தது என்று ஒரு கதை, மழையில் நனைந்தது என்று ஒரு கதை. எதுவானால் என்ன, நமக்குப் பாட்டு கிடைத்தது. 1958-ல் லிங்க் ரே 'ரம்பிள்' பாட்டுக்காக வேண்டுமென்றே பென்சிலால் ஸ்பீக்கரில் ஓட்டை போட்டார். 1964-ல் இங்கிலாந்தில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், சின்ன ஆம்ப் ஒன்றின் ஸ்பீக்கரை பிளேடால் கீறினார். பையன்கள் கையில் பிளேடு கிடைத்தால் வேறென்ன செய்வார்கள்!

இதற்கு நடுவில் நாஷ்வில்லில் இன்னொரு விபத்து. மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாட்டில் (1961-ல் வெளியானது) கிரேடி மார்ட்டின் வாசித்த சோலோ, மிக்ஸிங் மேஜையில் ஏதோ பழுதாகி ஒரே கரகரப்பாகப் பதிவானது. பொறியாளர் க்ளென் ஸ்னாடி அதைத் தூக்கி எறியாமல், அதே ஒலியை டிரான்சிஸ்டரில் தருகிற ஒரு டப்பாவை உருவாக்கினார். அதை கிப்ஸன் கம்பெனி 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்று விற்றது. ஆரம்பத்தில் சீந்துவாரில்லை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாடிஸ்ஃபாக்‌ஷன்' வந்தது, கடைகளில் டப்பா காலி. ஆனால் கேட்டுப் பாருங்கள், அந்த ஒலியில் குழைவு துளியும் கிடையாது. தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி இருக்கும். அலையை ஒரேயடியாகச் சீவுகிற டப்பா அது. ஃபஸ் வேறு, ஓவர்டிரைவ் வேறு. குழைவான சோலோ வேண்டும் என்று போய் ஃபஸ் வாங்கி வந்தவர்கள் நிறைய உண்டு.

குழைவுக்கு வழி காட்டியது 1966. லண்டனில் டெக்கா ஸ்டூடியோ. ஜான் மேயாலின் 'ப்ளூஸ் பிரேக்கர்ஸ்' குழுவுக்காக எரிக் கிளாப்டன் வருகிறார். வயசு 21. கையில் லெஸ் பால் கிடார், மார்ஷல் கம்பெனியின் '1962' என்கிற ஆம்ப் (அது மாடல் நம்பர், வருஷம் இல்லை). அந்தக் காலத்து ஸ்டூடியோ வழக்கப்படி கிடார்க்காரர் சமர்த்தாக, மெதுவாக வாசிக்க வேண்டும். இவர் மேடையில் வாசிக்கிற அதே சத்தத்தில்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம். மைக்கைத் தள்ளி வைத்துத்தான் பதிவு செய்ய முடிந்தது. அந்த ஆல்பத்துக்குப் பிறகு உலகத்தில் பாதிக் கிடார்க்காரர்களுக்கு லெஸ் பாலும் மார்ஷலும் கனவாகிப் போனது. அதில் பெடலே இல்லை என்கிறவர்களும் உண்டு. 'டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர்' என்கிற ட்ரெபிள் பூஸ்டர் இருந்தது என்கிறவர்களும் உண்டு. அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ரேஞ்ச்மாஸ்டர் சுவாரசியமான ஐட்டம். உள்ளே ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், விரல் விட்டு எண்ணக்கூடிய உதிரி பாகங்கள். அது செய்வது இரண்டே வேலை: அடிக்குரலைக் குறைக்கும், மீதியைப் பலமாக்கி ஆம்புக்குள் தள்ளும். அவ்வளவுதான். உருகுகிற வேலையை ஆம்பின் வால்வு பார்த்துக்கொள்ளும். பிளாக் சபாத்தின் டோனி அயோமி, ரோரி கலகர் எல்லாரும் இந்த டப்பாவை வைத்துத்தான் பிழைத்தார்கள். குயீன் குழுவின் பிரையன் மேயும் அதே வழிதான், ட்ரெபிள் பூஸ்டரும் வாக்ஸ் ஏசி30 ஆம்பும். பேஸைக் குறைத்துவிட்டுத் தள்ளு என்கிற இந்தச் சூத்திரத்தை மனசில் வையுங்கள், மறுபடி வரும்.

அமெரிக்காவில் ராண்டால் ஸ்மித் என்பவர் வேறு வழியில் போனார். ஃபெண்டரின் சின்ன ஆம்புக்குள்ளே பெரிய ஆம்பின் சர்க்யூட்டைத் திணித்து ஒரு நண்பருக்குக் குறும்பாகச் செய்து கொடுக்க, அதை வாசித்துப் பார்த்த கார்லோஸ் சந்தானா இந்தப் பொடிசு சரியான 'பூகி'யா இருக்கேன்னு சொன்னாராம். 'மெஸா பூகி' என்று பெயர் வந்த கதை அதுதான். பிறகு வால்வுக்குப் பின்னால் வால்வாக அடுக்கி, முன்பக்க வால்வை மட்டும் விரட்டி, கடைசியில் மொத்தச் சத்தத்தைக் குறைக்கிற வசதியும் வைத்தார். குழைவு வந்தது, சத்தம் அடங்கியது. ஆனால் விலை? அது எல்லார் பைக்கும் எட்டுகிற சமாச்சாரம் இல்லை.

இப்போது ஜப்பான் போவோம். 1977-ல் ரோலண்டின் துணை நிறுவனமான பாஸ், 'ஓடி-1 ஓவர் டிரைவ்' என்ற மஞ்சள் டப்பாவை வெளியிட்டது. 1979 வாக்கில் ஐபனெஸ் பெயரில் 'ட்யூப் ஸ்க்ரீமர் டிஎஸ்808' வந்தது. பச்சை டப்பா! வடிவமைத்தவர் சுசுமு தமுரா. விரட்டப்பட்ட வால்வு ஆம்பின் ஒலியைக் குறைந்த சத்தத்திலேயே கொடுப்பதுதான் இந்த டப்பாக்களின் நோக்கம்.

இதன் உள்வேலை கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். கிடாரின் அடிக்கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். ட்யூப் ஸ்க்ரீமர், ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகக் குறைவாகத்தான் பெருக்கும். அதனால் அடிக்குரல் கலங்கிச் சேறாவதில்லை. மழுக்கும் வேலையைச் செய்கிற டயோடுகள் பெருக்கியின் பின்னூட்டப் பாதையில் இருக்கின்றன (நம்ம பின்னூட்டம் இல்லீங்க, இது எலக்ட்ரானிக்ஸ் பின்னூட்டம்). அதனால் மழுங்கிய ஒலியோடு கிடாரின் சுத்தமான ஒலியும் எப்போதும் கொஞ்சம் கலந்தே வரும். விரலை மெதுவாக வைத்தால் மெதுவாக, அழுத்தினால் அழுத்தமாக. கடைசியில் கூர்மையான மேல் ஒலியையும் தட்டிவிடுகிறது. பேஸ் போச்சு, கூர்மை போச்சு, மீதி நடுக்குரல். மனுஷன் பாடுகிற குரலும் பெரும்பாலும் அந்த வட்டாரம்தான்.

தயாரித்தவர்கள் என்ன நினைத்தார்களோ, வாசித்தவர்கள் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். பெடலின் டிரைவ் குமிழைக் கீழே இறக்கிவிட்டு, லெவல் குமிழை மேலே ஏற்றி, ஏற்கனவே உருகும் நிலையில் இருக்கிற வால்வு ஆம்புக்குள் தள்ளினால் சொர்க்கம். ரேஞ்ச்மாஸ்டர் சூத்திரமேதான், ட்ரெபிளுக்குப் பதில் மிட். இதை உலகுக்குக் காட்டியவர்களில் முதல் ஆள் டெக்ஸாஸ்காரர் ஸ்டீவி ரே வான். 1982 கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் ஜாக்சன் பிரவுனின் ஸ்டூடியோவில் சில நாட்களிலேயே பதிவாகி, 1983-ல் வெளியான 'டெக்ஸாஸ் ஃப்ளட்' கேளுங்கள். ஃபெண்டர் ஆம்புகளில் இயல்பாகவே நடுக்குரல் குழி விழுந்திருக்கும். பச்சை டப்பாவோ நடுக்குரல் மேடு. குழியில் மேடு போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ஜோடிப் பொருத்தம்தான் ரகசியம், டப்பா தனியாக இல்லை.

ஆனால் ஜனங்கள் டப்பாவைத்தான் பிடித்துக்கொண்டார்கள். டிஎஸ்808-க்கும் பின்னால் வந்த டிஎஸ்9-க்கும் சர்க்யூட்டில் முக்கியமான வித்தியாசம், வெளியேறும் இடத்தில் இரண்டு ரெசிஸ்டர். உள்ளே இருக்கிற ஜேஆர்சி4558 சில்லு அந்தக் காலத்தில் கண்ட கருவிகளிலும் போடப்பட்ட மலிவுச் சரக்கு. அதற்காகப் பழைய டப்பாவுக்குப் பல மடங்கு விலை தருகிறவர்களை என்ன சொல்ல?

இதன் உச்சம் க்ளான் சென்டார். பாஸ்டன் பக்கத்தில் பில் ஃபின்னகன் என்பவர் 1994-லிருந்து கையாலேயே செய்து விற்ற தங்க நிற டப்பா. சுமார் 8000 செய்திருப்பார். யாரும் காப்பியடிக்கக் கூடாதென்று சர்க்யூட் மேல் எபாக்ஸி ஊற்றி மூடிவிட்டார். நிறுத்திய பிறகு செகண்ட் ஹேண்டில் விலை ஆயிரக்கணக்கான டாலருக்கு எகிறியது. நல்ல பெடல்தான், மறுக்கவில்லை. சுத்த ஒலியைத் தாராளமாகக் கலந்து, பச்சை டப்பா அளவுக்கு மூக்கடைக்காமல் தள்ளும். எபாக்ஸியைச் சுரண்டிப் பார்த்து சர்க்யூட் வெளியே வந்து, இன்று மலிவு விலை நகல்கள் எக்கச்சக்கம். 2012-ல் அவரே வெளியிட்ட 'கேடிஆர்' பெடலின் மேல், இந்த அபத்தமான ஆரவாரத்துக்கு நான் பொறுப்பில்லை என்கிற பொருளில் அச்சடித்தே விற்றார். எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போனது அங்கேதான்.

சரி, வாங்கப் போகிறவருக்கு. முதலில் உங்கள் ஆம்ப் எந்த ஜாதி என்று பாருங்கள். ஃபெண்டர் மாதிரி சுத்தமாக, நடுக்குரல் குழிந்த ஆம்பா? பச்சை டப்பாவோ அதன் நகலோ கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மார்ஷல் மாதிரி ஏற்கனவே நடுக்குரல் தூக்கலான ஆம்பில் அதே டப்பா ஜலதோஷம் பிடித்த குரல் தரக்கூடும். அங்கே க்ளான் வகை சரிப்படும். ஏசி30 வகை என்றால் ட்ரெபிள் பூஸ்டர் ஒருதரம் போட்டுப் பாருங்கள். ஆம்பை உருகும் நிலைக்குக் கொண்டுபோக முடியாத சின்ன அறை என்றால் 50 வாட் ஆம்பும் விலை உயர்ந்த பெடலும் வீண். 5 வாட் வால்வு ஆம்பும் மலிவு ஓவர்டிரைவும் அதைவிட அழகாகப் பாடும். அதுவும் சின்ன அறைக்குச் சத்தம்தான், ஆனால் சமாளிக்கலாம். பீட் டவுன்ஷெண்டும் கிளாப்டனும் காதில் ஓயாத இரைச்சலோடு வாழ்கிறவர்கள். சத்தத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

கடையில் சோதிக்கும்போது உங்கள் ஆம்பின் ஜாதியிலேயே ஒன்றில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டிரைவ் கால்வாசி, லெவல் முக்கால்வாசி, அங்கிருந்து ஆரம்பியுங்கள். இன்னொன்று, கிடாரிலேயே ஒரு டோன் குமிழ் இருக்கிறதே, அதைத் திருகிப் பார்த்தீர்களா? 1967-ல் க்ரீம் குழுவில் கிளாப்டன் அந்தக் குமிழை இறக்கிவிட்டு, ஆம்பை ஏற்றி வைத்து எடுத்ததுதான் 'வுமன் டோன்' என்று இன்றும் பேர் சொல்கிற ஒலி. செலவு பூஜ்யம்.

பி.கு: ஆர்வக்கோளாறில் வால்வு ஆம்பைத் திறந்து நோண்ட வேண்டாம். பெடலுக்குள் 9 வோல்ட், ஆம்புக்குள் 300, 400 வோல்ட். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். அது தெரிஞ்ச ஆளிடமே கொடுங்க.