கமக்காரனின் உடலே அளவுகோலா?

குருணாகலிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் பெருவீதியில், தம்புள்ளையை அடையுமுன் எதிர்ப்படும் ஊர் கலேவெல. மாத்தளை மாவட்டத்தின் மலைகள் தாழ்ந்து உலர்வலயம் தொடங்கும் வாயில் அது. அதற்கு வடக்கே, ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்த கலாவாவி கிடக்கிறது. ஒரு குளத்தின் கழிநீர் அடுத்த குளத்தின் வருநீராகும்படி அமைந்த தொடர்குளங்களே இந்நிலத்தின் வாழ்வு. மேட்டு வயலில் இட்ட பொருள், பள்ளத்து வயலையும் அதற்கப்பாலுள்ள குளத்து மீனையும் சென்றடைய வழியுண்டு.

1962இல் அரசாங்கம் பசளைக்கு மானியம் வழங்கத் தொடங்கியது. 1976இல் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர் கலாவாவிக்கு வந்தது. விளைச்சல் பெருகியது, அதனோடு பசளையும் களைநாசினியும் பூச்சிநாசினியும் பெருகின. 1990களில் அனுராதபுர மாவட்டத்து மதவாச்சி, பதவியா ஆகிய ஊர்களில் வைத்தியர்கள் ஒரு விபரீதத்தைக் கண்டனர். நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத கமக்காரரின் சிறுநீரகங்கள் சத்தமின்றிச் செயலிழந்துகொண்டிருந்தன. பின்னர் மாத்தளை மாவட்டத்து வில்கமுவவும் அந்நோயின் பட்டியலில் சேர்ந்தது.

நோயின் காரணம் யாது? அதைத் தேடியவர்கள் மண்ணையும் நீரையும் மட்டுமன்றி உயிர்களின் உடலையும் சோதித்தனர். இம்முறை புதியதன்று. பாரிஸ் நகரின் லக்சம்பேர்க் பூங்காவில் மரப்பட்டையில் வளரும் பாசிக்காளான்களை ஆராய்ந்த நைலாண்டர், அவை காற்றின் தூய்மையைக் காட்டும் அளவுகோல்கள் என்று 1866இலேயே எழுதினார். நகரத்துப் புகை மிகுந்த இடத்தில் அவை மடிந்தன. கருவி காணாததை உயிர் கண்டது.

ஆயினும் உயிர் சொல்லும் சாட்சியத்தை மறைக்கவும் இயலும். யப்பானில் மினமாட்டா நகர மக்களுக்கு நேர்ந்த கொடுமை அதற்குச் சான்று. அங்கே மனிதருக்கு முன் பூனைகள் வலிப்புற்றுச் செத்தன. சிஸ்ஸோ ஆலையின் சொந்த வைத்தியரான ஹொசோகவா, 1959இல் ஆலைக் கழிவைப் பூனை ஒன்றுக்கு ஊட்டினார்; பூனை அதே நோயில் வீழ்ந்தது. நிர்வாகம் அம்முடிவை மறைத்தது. ஆலைக் கழிவின் பாதரசமே காரணமென அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968இல்தான். ஒன்பது ஆண்டுகள்! இலாபத்தின் காவலில் உண்மை சிறையிருந்த காலம் அது.

ஆனால் மக்களிடமும் ஓர் ஆவணம் இருந்தது. நம்மவர் குழந்தையின் தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டுவதுபோல, யப்பானியத் தாய்மாரும் அதை உலர்த்திப் பேணி வைப்பர். 1970களில் ஆய்வாளர்கள் அக்கொடிகளைச் சோதித்தனர். எந்த ஆண்டில் பிறந்த குழந்தையின் கொடியில் எவ்வளவு பாதரசம் என்பது, ஆலையின் உற்பத்தி ஏறி இறங்கிய கணக்கோடு ஒத்திருந்தது. ஆலையின் ஏடுகள் பேச மறுத்ததை அன்னையரின் பெட்டகங்கள் பேசின.

அதே யப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில், சுரங்கக் கழிவிலிருந்து வந்த காட்மியம் நெற்பயிரில் ஏறி, உழவரின் சிறுநீரகத்தையும் எலும்பையும் அரித்தது. உலர்வலயத்து வைத்தியர்களின் ஐயமும் காட்மியத்தின்மேல் விழுந்ததில் வியப்பில்லை. பொஸ்பேற்றுப் பசளையில் அவ்வுலோகம் இயல்பாகவே கலந்திருப்பதுண்டு. 2008இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பண்டாரவும் குழுவினரும் தொடர்குளப் பகுதிகளின் அரிசியிலும் திலாப்பியா மீனிலும் மிகுந்த காட்மியத்தைக் கண்டதாக வெளியிட்டனர். குளத்து நீரைச் சோதித்த வேறு ஆய்வாளர்கள் அவ்வளவு காட்மியத்தைக் காணவில்லை. விவாதம் மூண்டது.

உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் நடத்திய பேராய்வு 2013இல் வெளியாயிற்று. மக்கள் தம் இரத்தத்தையும் சிறுநீரையும் தலைமயிரையும் நகத்தையும் அதற்குத் தந்தனர். சிறுநீரிலுள்ள கிரியேட்டினின் ஒரு கிராமுக்கு எத்தனை மைக்ரோகிராம் காட்மியம் என்று கணக்கிட்டபோது, நோயாளரிடம் சராசரி 1.039, நோய் பரவாத பிரதேசத்தவரிடம் 0.345. இவ்விரண்டுக்கும் இடையே மற்றோர் எண் உண்டு: நோய்ப் பிரதேசத்தில் வாழும், ஆனால் நோயற்ற மக்களிடம் 0.646.

அந்த நடு எண்ணை வாசகர் ஊன்றி நோக்க வேண்டும். நோயாளியின் பழுதுற்ற சிறுநீரகமே கணக்கைப் பிறழச் செய்திருக்கலாம் என்று வாதிடலாம். ஆரோக்கியமாக நடமாடும் அயலானின் உடலில், பிற பிரதேசத்தவனைப்போல் ஏறத்தாழ இருமடங்கு காட்மியம் ஏன்? இந்த அளவு தனியே சிறுநீரகத்தைக் கெடுக்கப் போதாது என்று அறிஞர் பலர் கூறுகின்றனர். கடின நீர், புளோரைட்டு, வெயிலில் நீரின்றி உழைத்தல், நச்சுமருந்துகள் எனப் பல காரணங்களை ஆராய்கின்றனர். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் நோய்க்கு முன்னரே உடலில் ஏதோ எழுதப்படுகிறது என்பதில் ஐயமில்லை.

எழுதப்படுவதைத் தொடர்ந்து வாசிப்பார் வேண்டும். ஜேர்மனியில் 1985 முதல், மீன், மரத்தின் இலை, கடற்பறவை முட்டை ஆகியவற்றோடு, பல்கலைக்கழக மாணவரின் இரத்தத்தையும் சிறுநீரையும் ஆண்டுதோறும் சேர்த்து உறைநிலையில் காத்துவருகின்றனர். அங்கே ஆரோக்கியமான உடலிலேயே நஞ்சைத் தேடுகின்றனர். இங்கோ கமக்காரன் வீழ்ந்த பின்னரே அவனிடம் மாதிரி கேட்கிறோம். கிளைபோசேற்று 2015இல் தடைசெய்யப்பட்டது; 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே மீண்டும் திறக்கப்பட்டது. அதே குளத்து மீனையும் அதே ஊராரின் சிறுநீரையும் ஆண்டுதோறும் ஒப்பிட்டு வந்திருந்தால், தடையால் நஞ்சு குறைந்ததா என்பதை எண்களே சொல்லியிருக்கும்.

ஆகவே நாம் கோர வேண்டியவை தெளிவானவை. குளத்து மீனும் தாமரைக் கிழங்கும் அரிசியும் முறையாகச் சோதிக்கப்பட வேண்டும். மனித மாதிரி சம்மதத்தோடு பெறப்பட்டு, முடிவு கொடுத்தவனுக்கே திரும்ப வேண்டும். ஆளின் பெயரை மறைத்து, ஊரின் கணக்கைச் சிங்களத்திலும் தமிழிலும் அறிவிக்க வேண்டும். கலேவெலயிலும் வில்கமுவவிலும் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அந்த எண்களை மாணவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பார்களாயின், தன் தந்தையின் உடலில் எழுதப்பட்டதைப் பிள்ளை படித்தறிவான். மறைக்க முனைபவரைக் கேள்வி கேட்கவும் துணிவான்.