அட்டை பொருந்தியது, திரை வரவில்லை

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டைக்குச் சற்று முன்னதாக எங்கள் வடிவமைப்புக் கூடம் இருக்கிறது. ரசாயனப் பீப்பாய்களிலும் மூட்டைகளிலும் ஒட்டப்படும் லேபிள்களை வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்புவது எங்கள் தொழில். என்னையும் சேர்த்து நான்கு பேர் பிழைப்பது 2010ஆம் ஆண்டின் மேக் புரோ கணினி ஒன்றை நம்பித்தான். 2022 ஐப்பசி மழைக்காலத்தில் ஒருநாள் காலை, அதன் திரை இருண்டுபோனது.

“புதுசு வாங்கிடுங்க சார்” என்பதுதான் எல்லோரும் சொன்ன தீர்வு. சொல்வது எளிது. பல ஆண்டுகளின் லேபிள் கோப்புகள் அதில் இருந்தன. அவை யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில், 32 பிட் மென்பொருளில் செய்யப்பட்டவை. ஆப்பிள் 2019இல் வெளியிட்ட கேட்டலினா இயங்குதளத்திலிருந்து 32 பிட் மென்பொருள்கள் எதுவும் ஓடுவதில்லை. புதிய கணினி என்றால் ஒவ்வொரு கோப்பையும் மறுபடி தட்டச்சு செய்து, எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். எரியக்கூடிய திரவம் அடைத்த பீப்பாயில் தமிழ் எச்சரிக்கை வரி குழம்பிப்போனால் அதை வெறும் அச்சுப்பிழை என்று தள்ளிவிட முடியாது. அந்தப் பீப்பாயை உருட்டிச் செல்லும் சுமைதூக்கும் தொழிலாளி படிப்பது பெரும்பாலும் அந்த ஒரு வரியைத்தான்.

கணினியைப் பிரித்துப் பார்த்த பழுதுநீக்குநர், பழுது வரைகலை அட்டையில்தான் என்றார். கடைத்தெருவில் கிராஃபிக்ஸ் கார்டு என்பார்கள். கணினியின் கணக்குகளைத் திரையில் படமாக மாற்றித் தரும் பாகம் அது. அதன் செப்பு முனைகளில் பச்சை படிந்திருந்தது. ஒருபுறம் கடல், மறுபுறம் ஆலைகள் என்றிருக்கும் இந்தக் காற்றில் எந்த மின்னணுப் பொருளும் அதன் முழு ஆயுளை வாழ்வதில்லை. மேக்குக்கென்றே தயாரான அதே மாதிரி அட்டை எங்கும் கிடைக்கவில்லை. “பிசி கார்டு போட்டுப் பார்க்கலாமா அண்ணே?” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் இந்த விஷயத்துக்குள் நான் இறங்கினேன்.

மேக்கின் உள்ளே இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையும் விண்டோஸ் கணினியில் இருக்கும் துளையும் ஒன்றே. அட்டை சிக்கலின்றி உட்காரும், மின்சாரமும் பாயும். ஆனாலும் திரை வராமல் போகலாம். எழுத்துருவை வைத்துச் சொன்னால் தமிழ் வாசகருக்கு இது உடனே விளங்கும். ஒரு குறியேற்றத்தில் அடித்த கட்டுரையை வேறு குறியேற்றத்தின் எழுத்துருவில் திறந்து, புரியாத கிறுக்கல்களைப் பார்த்து நொந்த அனுபவம் இருபது ஆண்டுகளுக்கு முன் கணினியைத் தொட்ட எல்லோருக்கும் உண்டு. கோப்பு முழுமையாக இருந்தது; படிக்கும் முறைதான் வேறாக இருந்தது. வரைகலை அட்டையின் கதையும் ஏறக்குறைய அதுவே.

ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சிறு நினைவகச் சில்லு இருக்கிறது. கணினியை இயக்கியதும், இயங்குதளம் விழிப்பதற்கு முன்பே அட்டையை எழுப்பும் கட்டளைகள் அதில் பதிந்திருக்கும். இதை ஃபர்ம்வேர் என்பார்கள். ஐ.பி.எம். 1981இல் தொடங்கிவைத்த பிசி மரபில் வந்த அட்டைகளில் அந்தக் கட்டளைகள் இன்டெல் வகைச் செயலிகளின் மொழியில் எழுதப்பட்டன. பழைய பவர் மேக்குகளின் செயலி வேறு. 1995இல் பிசிஐ துளைக்கு மாறிய ஆப்பிள், சன் நிறுவனக் கணினிகளிலிருந்து வந்த ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற முறையைக் கையாண்டது. ஆகவே பிசி அட்டை மேக்கில் ஊமையானது.

இவ்விடத்தில் ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். பிசிஐ தரநிலையே, ஒரே சில்லில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் கட்டளைகளை வைத்துக்கொள்ள இடம் தந்திருக்கிறது. ஒரே அட்டை பிசியிலும் மேக்கிலும் பேசியிருக்கலாம். சற்றுப் பெரிய சில்லும் கொஞ்சம் கூடுதல் உழைப்பும் தேவைப்பட்டிருக்கும், அவ்வளவுதான். டிஜிட்டல் நிறுவனம் தன் ஆல்ஃபா கணினிகளில் வேறொரு வழியைக் கண்டது. இன்டெல் மொழியைப் புரிந்துகொள்ளும் ஒரு போலிச் செயலியைத் தன் ஃபர்ம்வேருக்குள் வைத்து, சாதாரண பிசி அட்டைகளையே எழுப்பியது. ஆக, இது இயற்கை விதித்த தடை அல்ல. மேக் பதிப்பு, பிசி பதிப்பு என்று அட்டைகள் தனித்தனியே விற்கப்பட்டதற்கு வணிகக் கணக்கே முதன்மைக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

பயனாளர்கள் சும்மா இருக்கவில்லை. பிசி அட்டையின் சில்லில் மேக் ஃபர்ம்வேரைப் பதிந்து பயன்படுத்தினார்கள். பல பிசி அட்டைகளின் சில்லு 64 கிலோபைட்தான். மேக் ஃபர்ம்வேருக்கோ 128 கிலோபைட் தேவைப்பட்டது. சிலர் சில்லையே பெயர்த்தெடுத்து மாற்றினார்கள். சிலர் ஃபர்ம்வேரைச் சுருக்கி 64க்குள் அடக்கினார்கள். பவர் மேக் ஜி4இல் சில ஏஜிபி அட்டைகளைப் போட 3, 11 ஆகிய முனைகளை ஒட்டுத்தாளால் மூட வேண்டியிருந்தது. இல்லையெனில் கணினி தொடங்கவே தொடங்காது.

2006இல் ஆப்பிள் இன்டெல் செயலிகளுக்கு மாறியபோது சிக்கல் தீர்ந்துவிடும் என்றே பலரும் எண்ணினார்கள். பாதிதான் தீர்ந்தது. பிசிகள் பழைய பயாஸில் நின்றன, மேக் இ.எஃப்.ஐ. என்ற புதிய முறைக்குப் போனது. அதிலும் முதல் மேக் புரோக்களில் 32 பிட் இ.எஃப்.ஐ., 2008 முதல் 64 பிட். ஆனாலும் ஒரு நன்மை விளைந்தது. தொடக்கத்தில் திரை இருண்டிருந்தாலும், இயங்குதளம் விழித்ததும் டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள் அட்டையைத் தானே எழுப்பிவிடும். அந்த அட்டைக்கான டிரைவர் மேக்கின் இயங்குதளத்தில் இருந்தால் போதும்.

எங்கள் அனுபவத்துக்கு வருகிறேன். 2018இல் மொஹாவே இயங்குதளத்தை வெளியிட்டபோது, 2010, 2012 மேக் புரோக்களில் எந்தெந்த அட்டைகளைப் போடலாம் என்று ஆப்பிளே ஒரு பட்டியலை வெளியிட்டது. சஃபயர் பல்ஸ் ரேடியான் ஆர்எக்ஸ் 580 என்ற சாதாரண பிசி அட்டையும் அதில் இருந்தது. குறை சொல்லும் இடத்தில் பாராட்டையும் பதிவு செய்வதே முறை. அந்த ஒரு பக்கப் பட்டியல்தான் எங்கள் கூடத்தைக் காப்பாற்றியது.

ஆனால் முதல் முயற்சியிலேயே ஏமாந்தோம். இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய பழைய ஆர்எக்ஸ் 580ஐப் பொருத்தி இயக்கினோம். மேக்கின் தொடக்க ஒலி கேட்டது. திரை வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒன்றுமில்லை. பக்கத்து மடிக்கணினியிலிருந்து வலையமைப்பு வழியாகத் தொட்டுப் பார்த்தால் கணினி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. கணினி விவரப் பட்டியலைத் திறந்து அட்டையின் அடையாள எண்ணைப் பார்த்த பிறகே குட்டு உடைந்தது. அசல் ஆர்எக்ஸ் 580இன் எண் 67டிஎஃப். எங்களிடம் இருந்ததோ 6எஃப்டிஎஃப். அது 2048எஸ்பி என்ற துணைவகை. பெயர் மட்டும் 580, உள்ளே இருப்பது அதற்குக் கீழ்ப்பட்ட 570க்கு நிகரான திறன். மேக்கின் டிரைவருக்கு அந்த எண்ணைத் தெரியாது. தெரியாததை அது தொடாது.

இரண்டாவது அட்டையைச் சென்னை ரிச்சி தெருவுக்கு நேரில் போய், எண்ணைச் சரிபார்த்தே வாங்கினோம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மெய்நிகர் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு, அட்டைகளை வைத்து நாணயம் தோண்டும் வேலையையே இல்லாமல் ஆக்கியதால், பழைய அட்டைகள் சந்தையில் வந்து குவிந்த நேரம் அது. அப்படி வரும் அட்டைகளில் ஃபர்ம்வேரைத் திருத்தி வைத்திருப்பதும் உண்டு. வாங்கியதும் அசல் ஃபர்ம்வேர்தானா என்று பார்த்துவிடுவது நல்லது. மின்சாரமும் கவனத்துக்குரியது. இந்த மேக்கின் தாய்ப்பலகையில் அட்டைக்கென இருப்பவை இரண்டு சிறிய 6 முனை இணைப்புகள்; அட்டை கேட்பதோ 8 முனை. இரண்டையும் ஒன்றாக்கும் கம்பி தனியே வேண்டும். துளை 75 வாட், இரு இணைப்புகளும் தலா 75 வாட் என 225 வாட் கிடைக்கும். 185 வாட் கேட்கும் அட்டைக்கு இது தாராளம். 2010இன் கணினியில் 2017இன் அட்டை அன்று மாலையே ஓடியது.

எல்லா அட்டைக்கும் இந்த வாய்ப்பு இல்லை. என்விடியாவின் அன்றைய புதிய அட்டைகளுக்கு மொஹாவேயில் டிரைவர் வரவே இல்லை. சிறந்த அட்டைகளை வைத்திருந்தவர்கள்கூட 2017இன் ஹை சியரா இயங்குதளத்தோடு நின்றுவிட வேண்டியதாயிற்று. 2023இல் ஆப்பிளின் சொந்தச் செயலியோடு வந்த மேக் புரோவில் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளைகள் உண்டு. ஆனால் வரைகலை அட்டைகளை அது ஏற்பதில்லை. செயலியும் வரைகலையும் ஒரே நினைவகத்தைப் பகிர்வதால் வேகம் கூடுகிறது என்பது உண்மைதான். அது துளையை மூடுவதற்கான முழுக் காரணமாகாது என்பதற்கு ராஸ்பெரி பையே சாட்சி. அந்தச் சிறு கணினியின் செயலியும் ஆர்ம் வகைதான். அதில் ஏஎம்டி அட்டைகளை ஆர்வலர்கள் லினக்ஸ் டிரைவரைத் திருத்தி ஓடவைத்திருக்கிறார்கள். டிரைவரின் மூலநிரல் திறந்திருந்ததால் அது கைகூடியது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் புதிய மின்னணுக் கழிவு விதிகள் நடைமுறைக்கு வந்தன. உதிரி பாகம், கையேடு, சேவை மையம் ஆகியவற்றைப் பற்றி இப்போது பேச முடிகிறது. ஆனால் பாகம் கையில் இருந்தும், துளை பொருந்தியும், ஓர் அடையாள எண் டிரைவரில் இல்லாததால் கணினி குப்பைக்குப் போவதைப் பற்றி யாரும் பேசக் காணோம். ஆதரவை நிறுத்தும் நாளில், எந்தெந்த அடையாள எண்களை ஏற்கும் என்ற முழுப் பட்டியலையாவது நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று விதி செய்வது பெரிய காரியமல்ல. அந்த டிரைவரின் மூலநிரலையும் திறந்துவிடச் சொல்லலாம். அதை அவர்கள் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும்.

எங்கள் மேக் இன்னமும் ஓடுகிறது. ஆப்பிள் முத்திரையோடு வரும் தொடக்கத் திரை மட்டும் இந்த அட்டையில் தெரியாது. வட்டைக் குறியாக்கிப் பூட்டவும் வழியில்லை. கடவுச்சொல் கேட்கும் திரை தெரிந்தால்தானே தட்டச்சு செய்ய முடியும்? புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், கணினி செத்துவிட்டது என்று நினைத்து முதல் வாரத்திலேயே இருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டார். இப்போது அதன் முகப்பில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கிறோம். எங்கள் பீப்பாய் லேபிள்களின் அதே எச்சரிக்கை மஞ்சள், அதே பழைய எழுத்துரு: “ஒலி கேட்ட பின் ஒரு நிமிடம் பொறுக்கவும். சுவிட்சைத் தொடாதீர்.”