பொன்மலை முதல் திருவரங்கம் வரை
தொழிற்சட்டங்களில் கடமை கைமாறிய வரலாறு

கூலி கொடுப்பவர் தருமவான். கூலி பெறுபவர் அவருக்குக் கடமைப்பட்டவர். இவ்வெண்ணம் நம் நாட்டில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, சொன்னதைச் செய்து, கேள்வி கேளாது வீடு திரும்புவதே நல்ல வேலையாளுக்கு இலக்கணம் எனப்பட்டது. இந்நிலை மாறியது எவ்வாறு? நல்லோர் சிலரின் மனமாற்றம் சிறிதளவு உதவியது. போராட்டமும் சட்டமும் பேரளவு உதவின. அவ்வரலாற்றில் நம் திருச்சிராப்பள்ளிக்குப் பங்குண்டு. நம் சமுதாயத்தில் தோன்றிய பெருந்தலைவர்களுக்கோ முதன்மையான பங்குண்டு. வெள்ளி விழாக் காணும் இந்நாளில் நம் இளைஞர்கள் அதனை அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதலானேன்.

தொழிலாளியைத் தண்டித்த சட்டம்

நம் நாட்டுத் தொழிற்சட்டங்களுள் மிகப் பழையவற்றை நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அவை தொழிலாளியைக் காக்க எழுந்தவை அல்ல, கட்டிவைக்க எழுந்தவை. 1859-ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் அதற்குச் சான்று. முன்பணம் பெற்ற கைவினைஞரோ கூலியாளோ வேலையை விட்டு நீங்கினால், முதலாளி குற்றவியல் நடுவரிடம் முறையிடலாம். நடுவர் வேலையைச் செய்து முடிக்குமாறு ஆணையிடுவார். அதற்குப் பணியாதவருக்கு மூன்று மாதம் வரை சிறை. கூலியைக் கொடாத முதலாளிக்கோ சிறையில்லை. அவர்மீது உரிமையியல் வழக்குத் தொடரலாம். கூலிக்காரருக்கு அதற்குப் பொருள் ஏது? 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பில்லை என்று கூறியிருந்தும், காவிரிக் கரை நஞ்சைகளில் உழைத்த நம் முன்னோர் கடனாலும் முன்பணத்தாலும் பண்ணைகளில் கட்டுண்டே கிடந்தனர். 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1925-இல்தான் வந்தது.

பொன்மலை கற்பித்த பாடம்

திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய இரயில்வே நிறுவனம், நாகப்பட்டினத்திலிருந்த பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றிற்று. அதனையொட்டிப் பல்லாயிரவரை வேலையிலிருந்து நீக்கத் திட்டமிட்டது. 1928 சூலையில் வேலைநிறுத்தம் மூண்டது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னின்றனர். சிறைத் தண்டனையும் பெற்றனர். போராட்டம் ஒடுக்கப்பட்டது. ஆட்குறைப்புச் செய்யும் முதலாளி முன்னறிவிப்புத் தரவேண்டும், ஈட்டுத் தொகை தரவேண்டும் என்று கூறும் சட்டம் அந்நாளில் இல்லை. மறு ஆண்டில் வந்த தொழில் தகராறுச் சட்டமும், இரயில்வே போன்ற பொதுப்பயன் பணிகளில் 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்வதைக் குற்றமாக்கிற்று.

1946-இல் பொன்மலைத் தொழிலாளர் மீண்டும் போராடினர். அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சங்கத் திடலில் மலபார் சிறப்புக் காவற்படை துப்பாக்கிச் சூடு நடத்திற்று. தொழிலாளர் ஐவர் உயிர் துறந்தனர்.

1928-இல் இல்லாதிருந்த காப்பு 1953-இல் வந்தது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்திற்கு அவ்வாண்டில் செய்த திருத்தத்தின்படி, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவரை நீக்குமுன் ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டிற்கும் 15 நாள் ஊதியமும் தருவது முதலாளியின் கடமை ஆயிற்று. அன்று இரயில்வேத் தொழிலாளர் எழுப்பிய வினாவிற்கு இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கிடைத்த விடை இது.

அண்ணல் ஆற்றிய பணி

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கினார். பதினான்கு மணி நேர வேலையை அவர் ஒரே நாளில் எட்டு மணியாகக் குறைத்தார் என்று மேடைகளில் கூறுவர். வரலாறு அத்துணை எளிதன்று. ஆலைத் தொழிலாளரின் வேலை நேரம் படிப்படியாகவே குறைந்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலை ஆடவருக்கு நாளொன்றுக்கு 12 மணி என வரம்பிட்டது. 1922-இல் அது 11 மணி, வாரத்திற்கு 60 மணி ஆயிற்று. 1934-இல் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளுக்கு 10 மணி, வாரத்திற்கு 54 மணி ஆயிற்று. 1946-இல் அண்ணலின் துறை கொண்டுவந்த திருத்தம் அதனை 9 மணியாகவும் வாரத்திற்கு 48 மணியாகவும் குறைத்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதனை நிலைநிறுத்திற்று. மிகுநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் என்றும் விதித்தது.

உள்ளதை உள்ளவாறு சொல்வதால் அண்ணலின் பெருமை குறையாது. வாரத்திற்கு 48 மணி என்னும் எல்லைக்கோடு இன்றளவும் நிற்கின்றது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் திருத்தம் நிறைவேறியபோது, எதிர்ப்பு கிளம்பியது. அவ்வாண்டு மே நாளன்றே அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. போட்ட கோட்டைக் காப்பதற்கும் ஆள் வேண்டும் என்பதை இது காட்டும்.

திருவரங்கத் தெருக்களில்

தொழிற்சாலைச் சட்டம் ஆலைக்குள் நிற்பவருக்கே உரியது. தெருவைப் பெருக்குபவருக்கும் வயலில் நடவு நடுபவருக்கும் யாது செய்வது? இதற்காகவே குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946 ஏப்ரலில் அண்ணல் அறிமுகப்படுத்தினார். பாபு சகசீவன்ராம் தொழிலாளர் அமைச்சராயிருந்த 1948-இல் அது சட்டமாயிற்று. அதன் பட்டியலில் வேளாண்மையும் இடம்பெற்றது. உள்ளாட்சி மன்றங்களின் கீழ் நடைபெறும் வேலையும் இடம்பெற்றது.

இதன் பொருளைத் திருவரங்கத்தில் நின்று எண்ணிப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947-இல். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது அதற்கடுத்த ஆண்டில். கோயிலைச் சூழ்ந்த வீதிகளைத் துப்புரவு செய்தோருக்கு, உள்ளே செல்லும் உரிமையும் செய்த வேலைக்கு அளந்த கூலி கேட்கும் உரிமையும் ஓராண்டு இடைவெளியில் ஏட்டில் ஏறின.

திருவரங்கம் நகராட்சி 1994-இல் திருச்சி மாநகராட்சியோடு இணைந்தது. பின்னாளில் ஊர்தோறும் துப்புரவுப் பணி ஒப்பந்தக்காரர் கைக்கு மாறலாயிற்று. ஒப்பந்தக்காரர் கூலியைக் கொடாவிடின், வேலையை ஒப்படைத்த முதன்மை வேலையளிப்பவரே கொடுத்தல் வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை விரித்து, காப்புக் கருவியின்றிச் சாக்கடைக் குழியில் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கிற்று. அங்ஙனம் இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் தருமாறு உச்சநீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதனை 30 இலட்சமாக உயர்த்திற்று. ஆயினும் இறப்புகள் ஓயவில்லை. ஏட்டுச் சட்டத்திற்கும் குழிக்குள் இறங்கும் மனிதனுக்கும் இடையே உள்ள தொலைவு இன்னும் பெரிதாகவே உள்ளது.

பெயர் எழுதப்படுதல்

எங்கள் தெருவில் துப்புரவுப் பணியில் முதுமை எய்திய பெரியவர் ஒருவர் இருந்தார். ஓர் ஒப்பந்தக்காரரிடம் பல்லாண்டு உழைத்தவர். விபத்தில் கை முறிந்து ஈட்டுத் தொகை கேட்டபோது, "இவர் எங்கள் ஆளே அல்லர்" என்று விடை வந்தது. வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. ஊதியச் சீட்டும் இல்லை. அவருக்காகச் சட்டம் இருந்தது. அச்சட்டத்தின் முன் அவர் இல்லாதவர் ஆனார்.

24 மாதங்களில் 480 நாள் பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாடு 1981-இல் சட்டம் இயற்றியது. அந்த 480 நாளை மெய்ப்பிக்க வேண்டுமே! பதிவேடு முதலாளியின் கையில். இழப்பு தொழிலாளியின் தலையில்.

இப்போது 29 மத்தியத் தொழிற்சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் தருவது முதலாளியின் கடமையாகியுள்ளது. குறைந்தபட்சக் கூலி பட்டியல் தொழில்களோடு நில்லாமல் எல்லாத் தொழிலுக்கும் உரியதாகியுள்ளது. இவை வரவேற்கத்தக்கன. ஆட்குறைப்புக்கு அரசின் முன் இசைவு பெறவேண்டிய ஆலைகளின் வரம்பு 100 பேரிலிருந்து 300 பேராகவும், ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய விதிகளின் வரம்பு 20 பேரிலிருந்து 50 பேராகவும் உயர்ந்துள்ளன. சிறு நிறுவனங்களிலும் சிறு ஒப்பந்தக்காரர்களிடமும் உழைக்கும் நம் மக்கள் இதனைக் கவலையோடு நோக்குதல் வேண்டும்.

இருசாராருக்கும் ஒரு சொல்

நம் இளைஞர்களே! வேலையில் சேரும் நாளிலேயே நியமனக் கடிதம் கேளுங்கள். ஊதியச் சீட்டுகளைப் பள்ளிச் சான்றிதழ்போல் போற்றி வையுங்கள். எழுத்தறியாத பெற்றோரின் பெயர் பதிவேட்டில் உள்ளதா என்று நீங்கள் சென்று பாருங்கள். கல்விச் சங்கம் உங்களுக்குத் தந்த எழுத்தின் முதற்பயன் அதுவாகட்டும்.

நம்முள் இன்று ஒப்பந்தக்காரராகவும் பட்டறை உரிமையாளராகவும் உயர்ந்தோர் சிலர் உளர். அது நமக்குப் பெருமை. அவர்களுக்கும் ஒன்று கூறுவேன். "நம் பிள்ளைதானே, கடிதம் எதற்கு, கணக்கு எதற்கு?" என்று எண்ணாதீர்கள். நம் பாட்டனாரிடமும் பண்ணையார் அதையேதான் சொன்னார். உங்கள் முதற்பதிவேட்டின் முதல் வரியில் உங்களிடம் உழைப்பவரின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். நாம் பட்ட இழிவு நம் கையால் பிறருக்கு நேராதிருத்தலே நாம் கற்ற கல்விக்கு அழகு.