கல்லில் தட்டிய கலப்பை

கனடாவில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற மார்கழியில் ஒரு மடல் விடுத்திருந்தார். வீட்டு முன்வழியில் முழங்காலளவு வெண்பனி குவிந்துவிடுகிறதாம். சிறியதொரு தோட்ட டிராக்டர் வாங்கி, அதன் முன்புறம் பனியைத் தள்ளும் வளைந்த இரும்புப் பலகையைப் பொருத்தியிருக்கிறார். மடலின் இறுதியில் ஒரு கேள்வி: "ஐயா, ஆங்கிலத்தில் இதைக் கலப்பை என்றே சொல்கிறார்கள். தமிழில் பனிக்கலப்பை எனலாமா?"

இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். அவ்வழியில் பிறந்து வளர்ந்த நமக்குப் பனி என்பது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது. கதிர் ஏறினால் மறைவது. அதைத் தள்ள ஒரு கருவி வேண்டும் என்பதை நம் முன்னோர் கேட்டிருந்தால் நகைத்திருப்பர். இந்தியாவிலும் இவ்வேலை உண்டு. 1960இல் தொடங்கப்பெற்ற எல்லைச் சாலைகள் நிறுவனம், பதினோராயிரம் அடிக்கு மேலுள்ள சோஜிலா போன்ற கணவாய்களில் பனியை அகற்றி வழி திறந்து வருகிறது. ஆயினும் மாணவரின் கேள்விக்கு விடை இமயத்தில் இல்லை. நம் ஊர்க் கொல்லன் பட்டறையில் இருக்கிறது.

முதலில் கலப்பையைப் பார்ப்போம். நம் நாட்டு மரக்கலப்பை மண்ணைக் கீறுமேயன்றிப் புரட்டாது. கொழு பிளந்த மண் இருபுறமும் சரிந்து அங்கேயே விழும். ஐரோப்பியக் கலப்பையிலோ கொழுவுக்கு மேல் வளைந்த பலகை ஒன்று உண்டு. அது மண்கட்டியைத் தூக்கி, ஒருபக்கமாகப் புரட்டித் தள்ளும். 1730இல் இங்கிலாந்தின் ராதர்ஹாம் கலப்பையும், 1837இல் அமெரிக்காவில் ஜான் டீர் செய்த எஃகுக் கலப்பையும் இப்பலகையைச் செம்மைப்படுத்திய படிகள். பனி தள்ளும் இரும்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. வளைவில் ஏற்றி ஒருபக்கம் ஒதுக்குகிறது. ஆகவே ஆங்கிலேயனுக்கு இரண்டும் கலப்பையாயின. நம் கலப்பை எதையும் ஒதுக்காது என்பதால் நமக்கு அச்சொல் ஒட்டவில்லை.

புரட்டும் கலப்பையை நம்மிடம் கொண்டுவர முயன்ற வரலாறு நீண்டது. 1864இல் சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில் நீராவிக் கலப்பைகளும் பிற பொறிகளும் தருவிக்கப்பட்டன. மறு ஆண்டு சைதாப்பேட்டைப் பண்ணை உருவாயிற்று. அங்குத் தோன்றிய வேளாண் பள்ளியே பின்னர் 1906இல் கோவைக்குப் பெயர்ந்தது. நம் கரிசலுக்கு அருகில் கோவில்பட்டி ஆய்வு நிலையம் 1901இல் அமைந்தது. ஆயினும் கனத்த இரும்புக் கலப்பைகள் ஊர்களுக்குள் எளிதில் நுழையவில்லை. அறியாமையே காரணம் என்று அதிகாரிகள் பலர் கருதினர். 1889இல் இந்தியா வந்து 1893இல் அறிக்கை வெளியிட்ட வேளாண் வேதியியலர் வோல்கர் அவ்வாறு கருதவில்லை. சிறிய எருதுகள், குறைந்த முதல், உள்ளூரிலேயே பழுது பார்க்கும் வசதி ஆகியவற்றுக்கு நாட்டுக் கலப்பை பொருந்தியிருப்பதை அவர் கண்டார்.

பழுது பார்த்தல் என்பது இங்குச் சிறு செய்தி அன்று. கொழு தேயும், அதைக் கொல்லன் காய்ச்சி அடித்துத் தர வேண்டும். மேழியும் ஏர்க்காலும் தளரும்; தச்சன் இறுக்க வேண்டும். அந்நாளில் ஒவ்வொரு முறையும் காசு கைமாறியதில்லை. அறுவடை முடிந்ததும் களத்தில் குவிந்த தவசத்திலிருந்து அவர்களுக்குரிய பங்கு அளக்கப்பட்டது. அப்பங்குக்குப் பழைய வருவாய் ஆவணங்கள் வழங்கும் பெயர் ‘சுதந்திரம்’. இன்று நாம் விடுதலை என்று பொருள்கொள்ளும் அதே சொல்தான். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் வியப்பர். அவர்களுள் நுகத்தடியைக் கண்ணால் கண்டவர் ஆண்டுக்கு ஒருவர் தேறினால் அதிகம்.

மரக்கலப்பைக்கு மற்றொரு நற்பண்பு உண்டு. மலையடிவாரச் செம்மண்ணில் கல்லும் வேரும் மிகுதி. கொழு கல்லில் தட்டினால் எருது நிற்கும். உழவன் மேழியைத் தூக்கிக் கடப்பான். அதிகம் போனால் கொழு மழுங்கும். பொறிவலு வந்தபின் நிலைமை மாறிற்று. 1917இல் வெளிவந்த ஃபோர்ட்சன் போன்ற தொடக்ககால டிராக்டர்களின் பின்னே கலப்பை இழுபொருளாக இழுக்கப்பட்டது. அது பாறையில் மாட்டினால் பொறி நிற்பதில்லை. பின்சக்கரம் தரையைப் பற்றிக்கொள்ள, முன்பகுதி மேலெழுந்து ஓட்டுநர்மீதே கவிழும். இவ்விதம் மாண்டோர் பலர்.

இதற்குத் தீர்வு கண்டவர் அயர்லாந்தின் ஹாரி பெர்குசன். கலப்பையை இழுபொருளாக விடாமல், கீழே இரண்டு மேலே ஒன்று என மூன்று முனைகளில் டிராக்டரோடு இணைத்தார். கலப்பை தடைபட்டால் எழும் விசை முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்துமாறு அது அமைந்தது. ஆழத்தை நீரியல் விசை கவனித்துக்கொண்டது. அதாவது மேழி பிடித்த கையின் வேலையை எண்ணெய் ஏற்றது. 1926இல் உரிமம், 1939இல் ஃபோர்டுடன் கூட்டாக டிராக்டர், 1953இல் மாசி-ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைப்பு. அவ்வழி வந்த மாசி பெர்குசன் டிராக்டர்களைச் செய்ய 1960இல் சென்னையில் டாபே நிறுவனம் தோன்றியது. பின்னர் நம் வட்டாரப் புஞ்சைகளிலும் அவை ஓடின.

நம் சிற்றப்பாவிடமும் ஒன்று இருந்தது. மலையை ஒட்டிய தென்னந்தோப்பில் பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்க, ஒரு நாள் சங்கிலியைக் கட்டினார். தாழ இருந்த இழுசட்டத்தில் கட்டாமல், மேல்முனை இணைப்பில் கட்டிவிட்டார். கட்டை அசையவில்லை, டிராக்டர் எழுந்தது. அவர் பக்கவாட்டில் குதித்ததால் உயிர் தப்பினார். இடக்கால் மட்டும் கடைசிவரை நேராகவில்லை. "கல்லில் தட்டினால் மாடு நிற்கும்டா, இது நிற்காது" என்பார். பெர்குசனின் வரலாற்றை நாம் படித்தது அதற்குப் பல்லாண்டுகள் கழித்தே. அவர் இருந்தபோதே படித்துச் சொல்லியிருந்தால் கேட்டு மகிழ்ந்திருப்பார்.

இனி மாணவரின் கருவிக்கு வருவோம். அதையும் இதே கல்தான் அச்சுறுத்துகிறது. பனிக்கடியில் மறைந்த கல்லிலோ நடைபாதை விளிம்பிலோ பலகை மோதினால், அது முன்னே சாய்ந்து கடந்து மீளுமாறு பின்னால் வலுவான சுருள்வில்கள் உள்ளன. அவற்றை மிக இறுக்கினால் அடி முழுதும் வண்டிச் சட்டத்தில் இறங்கும். மிகத் தளர்த்தினால் கெட்டிப் பனிக்கே பலகை சாயும். பலகையின் அடியில் உள்ள சறுக்குக் காலணிகள், சரளை வழியாயின் அரை அங்குலம் முதல் ஓரங்குலம் வரை இடைவெளி விடும்படி இருத்தல் வேண்டும். முன்னே பாரம் ஏறுவதால் பின்சக்கரத்துக்கு எடை கட்டிச் சங்கிலியும் சுற்றுவர். அடி விளிம்பின் தகடே இங்குக் கொழு. அது முற்றும் தேயுமுன் மாற்றாவிடில் பலகையே தேயத் தொடங்கும். பருவம் முடிந்ததும் சாலை உப்பைக் கழுவி, மூட்டுகளுக்கு மசகிட்டு, வெறும் இரும்பில் எண்ணெய் பூசி வைக்க வேண்டும். களத்தில் தவசம் பெறும் கொல்லன் அங்கு இல்லை. இவ்வளவும் உரியவன் தலையில்தான்.

பெயர் என்ன? நம்மிடம் எருது இழுக்கும் மண்வாரிப் பலகை இருந்தது, பரம்பும் இருந்தது. முன்னது வாரும், பின்னது சமன்செய்யும், இரண்டும் ஒதுக்குவதில்லை. எனவே ‘பனியொதுக்கி’ என எழுதினோம். இதனினும் நல்ல சொல் அன்பர்களுக்குத் தோன்றின் நாம் விட்டுக்கொடுக்கச் சித்தமாயுள்ளோம்.

மடலின் முடிவில் ஒன்று சேர்த்தோம்: பனியில் புதைந்த கார் எதையேனும் இழுக்க நேர்ந்தால் சங்கிலியைத் தாழ, இழுசட்டத்திலேயே கட்டுக. மாணவர் சொல்லைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. சங்கிலி பற்றி மட்டும், "ஐயா, நான் மேலேதான் கட்டிக்கொண்டிருந்தேன்" என்று மறுமொழி வந்தது.